போர்டு போச்சு என்கிறவர்களுக்கு

மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவைத் தாண்டிக் காட்டுப்பாக்கம் பக்கம் நடந்தால், எந்த டீக்கடையிலும் மண்வேலைக்காரர்கள் இரண்டு பேராவது நிற்பார்கள். மெட்ரோ வேலை வந்ததிலிருந்து கூட்டம் இன்னும் கூடிவிட்டது. வாடகைக்கு வண்டி விடுகிறவர், ஆப்பரேட்டர், புரோக்கர், டீசல் கொண்டுவந்து ஊற்றுகிறவர் என எல்லோரும் கலந்து நிற்கிற இடம். அங்கே மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தப் பேச்சு காதில் விழும்.

“வண்டி நின்னுபோச்சுண்ணே. மானிட்டர்ல கம்யூனிகேஷன் எரர்னு காட்டுது.”

“கம்யூனிகேஷனா? அப்ப போர்டு போச்சு. வேற போட்டுரு.”

நாடி பிடிக்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல், நோயின் பெயரைக் கேட்டதுமே எழுதித் தருகிற மருந்துச்சீட்டு இது. சொல்கிறவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு முன்னால் இருந்தவர் அவரிடம் அப்படித்தான் சொன்னார். பழைய வண்டிச் சந்தையில் இன்று இது எழுதாத சட்டம். செகண்ட்ஹேண்டில் வாங்கியது ஹிட்டாச்சியோ, கொமாட்சுவோ, கேட்டர்பில்லரோ, திரையில் தகவல் வரவில்லை என்று எழுத்து ஓடினால் போர்டு, அதாவது கண்ட்ரோலர், செத்துவிட்டது, மாற்றவேண்டும், மாற்றப் பணம் இல்லையென்றால் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடவேண்டும்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி. கரையில் நின்று பேசவில்லை. இரண்டு போர்டுக்குப் பணம் கட்டியவன் நான். அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கேன் என்றால் வாசலில் இறக்குகிற இருபது லிட்டர் தண்ணீர்தான். வண்டிக்குள் கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற கேன் வேறு. கண்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க் என்பதன் சுருக்கம் அது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் 1983-இல் இதற்கான வேலை தொடங்கியது. 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் அறிமுகம் செய்தார்கள். மறு ஆண்டே இன்டெல் அதற்கான சில்லைக் கொண்டுவந்தது. 1993-இல் ஐஎஸ்ஓ 11898 என்று உலகத் தரமாகவும் ஆனது. லாரி, டிராக்டர், மண்வெட்டும் வண்டி போன்ற கனரகங்களுக்கென்று அதன்மேல் கட்டிய பேச்சுமுறைக்கு ஜே1939 என்று பெயர். நொடிக்கு 2,50,000 பிட் வேகம். ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிக்குள் இதில் கொஞ்சம் தன் கைச்சரக்கைக் கலந்திருக்கும். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டில் கம்பி இரண்டே இரண்டு. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வண்டி முழுக்க ஓடும். இஞ்சின் கண்ட்ரோலர், பம்பு கண்ட்ரோலர், கேபினில் இருக்கிற மானிட்டர் எல்லாம் அந்த இரண்டு கம்பியில்தான் தொங்குகின்றன. யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். கேட்கிறவர் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது கிளம்புகிற இரைச்சல் இரண்டு கம்பியையும் ஒரே அளவு தூக்கிவிடும். பரிசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரை ஒரே அலை தூக்கினால் அவர்களுக்குள் உயர வித்தியாசம் மாறுமா? அதுதான் முறுக்கின் சூட்சுமம். முறுக்கைப் பிரித்து ஒரு முழம் நேராக ஓடவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுகிற நம் ஊர்க் கைவேலைக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. கம்பி ஒட்டிவிட்டது, கரண்ட் போகிறது, வேலை முடிந்தது என்று அது நினைத்துக்கொள்ளும்.

இனி எதிர்க்கட்சியின் முதல் வாதத்துக்கு வருவோம். ‘கண்ட்ரோலர் பேசவில்லை, ஆகவே செத்துவிட்டது.’

கேன் என்கிற ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு கண்ட்ரோலருக்குள்ளும் ஒரு தப்புக் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். தான் அனுப்பிய செய்தி கம்பியில் சிதைந்தால் அவன் கணக்கில் 8 கூடும். நல்லபடியாகப் போனால் 1 குறையும். 127-ஐத் தாண்டினால் அந்தக் கண்ட்ரோலர் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். 255-ஐத் தாண்டினால் கம்பியை விட்டே விலகி வாயை மூடிக்கொள்ளும். எட்டை எட்டாகக் கூட்டிப் பாருங்கள்: அடுத்தடுத்து 32 செய்தி சிதைந்தால் போதும், நொடியின் சின்னத் துணுக்குக்குள் அது மௌனமாகிவிடும். ஏன் இப்படிச் செய்தார்கள்? ஒருவன் கோளாறாகக் கத்திக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் பேச்சும் கெட்டுவிடும், அதனால். கம்பி எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது, செய்தி சிதைகிறது, நல்ல கண்ட்ரோலர் தனக்கு இட்ட கட்டளைப்படி பேச்சை நிறுத்துகிறது. நாம் அதைக் கழற்றி, செத்துப்போச்சு என்று பழைய துணியில் சுற்றி வைக்கிறோம். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது அதன் குற்றம்.

எரர் கோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே1939 பேசுகிற வண்டியில் அடிக்கடி வருவது எஸ்பிஎன் 639, அதோடு எஃப்எம்ஐ 9. முதல் எண் கம்பி வலையைக் குறிக்கிறது. இரண்டாவது எண், வரவேண்டிய நேரத்துக்குத் தகவல் வரவில்லை என்கிறது. அவ்வளவுதான். எவரும் செத்தார் என்று அதில் எங்கும் எழுதியில்லை. உயிரோடு இருக்கிற ஒருவர், ‘எனக்கு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை’ என்று எழுதி வைத்த புகார் அது. கடிதம் வரவில்லை என்பதற்காக எழுதுகிறவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்வோமா? தபால்காரருக்குக் காய்ச்சலா, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க மாட்டோமா?

இஞ்சின் கண்ட்ரோலரிடமிருந்து பேச்சு வரவில்லை என்று மானிட்டர் சொன்னால், அந்தக் கண்ட்ரோலருக்குச் சோறு போகிறதா என்பது முதல் கேள்வி. அதற்கென்று ஒரு ஃப்யூஸ் இருக்கும், ஒரு ரிலே இருக்கும், எர்த் இருக்கும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். பழைய வண்டியைப் புதுசு மாதிரி காட்டுவதற்காகத் தளத்தோடு சேர்த்து ஸ்பிரே அடித்த புண்ணியவானின் வேலை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 24 வோல்ட்டிலிருந்து எவ்வளவு இறங்குகிறது, எர்த் கம்பியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? அரை வோல்ட் அங்கே தொலைந்தாலே சந்தேகப்பட வேண்டும். அதற்குப் பிறகு கம்பி, அதற்குப் பிறகு கம்பிகளை இணைக்கிற கப்ளர். இஞ்சின் பக்கம் சூடு, பம்பு பக்கம் ஆயில், கேபினுக்கு அடியில் எலி. கண்ட்ரோலர்கள் ஒரு வண்டியில் மூன்றோ நாலோ இருக்கும். பின்களும் முனைகளும் நூற்றுக்கணக்கில். எது முதலில் கெடும் என்று யோசிக்க எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டியதில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே எய்தவன் பெரும்பாலும் பத்து ரூபாய் பெறாத ஒரு பின்.

இரண்டாவது வாதம் இதைவிடப் பலமானது, ஏனென்றால் அது கண்ணால் பார்த்த சாட்சி. ‘நீ ஆயிரம் சொல்லு. நான் போர்டை மாத்தினேன், வண்டி ஓடுச்சு.’

ஓடியிருக்கும். மறுக்கவில்லை. ஆனால் போர்டை மாற்றும்போது வேறு என்ன நடந்தது? கப்ளரைக் கழற்றினீர்கள். திரும்பச் செருகினீர்கள். இதில்தான் விஷயம் இருக்கிறது. மண்வெட்டும் வண்டி நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெள்ளீயம் பூசிய பின்கள் தங்கள் கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கின்றன. உரசிய இடத்தில் ஆக்சைடு படலம் படிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்பு மங்குகிறது. கப்ளரை ஒரு முறை பிடுங்கிச் செருகினால் அந்தப் படலம் துடைபட்டுப் போகிறது, உயிர் வருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பெருமையெல்லாம் காக்கைக்கு, அதாவது லட்சங்கள் கொடுத்து வாங்கிய போர்டுக்கு. பழைய போர்டையே கழற்றி மாட்டியிருந்தாலும் வண்டி ஓடியிருக்குமா என்று அன்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அடுத்த ஐப்பசியில் அதே எழுத்து மானிட்டரில் வரும்போது, ‘டூப்ளிகேட் போர்டு போட்டுட்டான்’ என்று விற்றவன் தலையில் பழி விழும்.

ஐப்பசி என்றதும் இந்த ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. செங்கல்பட்டுச் சீமை முழுக்கத் தாங்கல் என்று முடிகிற ஊர்கள் உண்டு. தண்ணீர் தாங்கி நின்ற இடங்கள். ஐயப்பன்தாங்கல் அதை மறந்தாலும் மழை மறப்பதில்லை. பக்கத்தில் போரூர் ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றங்கரையில் என்னென்ன முழுகியது என்பது சென்னைக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இன்னொரு சுற்று முழுக்கியது. முழுகியதில் வண்டிகளும் உண்டு. முழுகிய காரை இன்சூரன்ஸ்காரர் எழுதித் தள்ளிவிடுவார். முழுகிய எக்ஸ்கவேட்டரைக் கழுவி, ஆயில் மாற்றி, மஞ்சள் பெயின்ட் அடித்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். இஞ்சின் பிழைத்துவிடும், இரும்பு பெரிய மனசுக்காரன். கப்ளருக்குள் போன தண்ணீர் அப்படியல்ல. கம்பியின் தோலுக்குள்ளேயே ஏறிப்போய், செம்பைப் பச்சை மாவாக்கிவிட்டு, வெளியில் ஒன்றும் தெரியாமல் இரண்டு வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அப்போது வண்டி மூன்றாவது சொந்தக்காரர் கையில் இருக்கும்.

தண்ணீரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாரத்துக்கு ஒரு முறை வாட்டர் சர்வீஸ் என்று கேபினுக்கு அடியில் பிரஷர் பம்பைப் பிடிப்பவர்கள் நாம். பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றாதவர்களும் நாம். வெல்டிங் எர்த்தை எங்கோ டிராக்கில் மாட்டிவிட்டுப் பூம் நுனியில் ராடை வைத்தால் அத்தனை ஆம்பியரும் திரும்பிப் போக வழி தேடும். வண்டியின் எர்த் கம்பிகள் வழியாகவும் போகும். அப்புறம் ஜிபிஎஸ் பெட்டி. கடன் கொடுத்தவருக்கு வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும், சொந்தக்காரருக்கு டீசல் திருட்டு தெரியவேண்டும். இரண்டு பெட்டி, இரண்டு ஆட்கள், இரண்டு பேரும் கேபின் பக்கத் தகட்டைப் பிரித்து, கையில் கிடைத்த கம்பியின் தோலைச் சீவி ஒட்டுப்போட்டுப் போயிருப்பார்கள். மஞ்சளும் பச்சையுமாக முறுக்கிய ஒரு ஜோடி பல வண்டிகளில் கேன் கம்பியின் அடையாளம். அதன்மேல் இப்படி ஒரு தையலைக் கண்டால் போர்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், தையலைப் பிரியுங்கள்.

சரி, எப்படித்தான் பார்ப்பது என்று கேட்பீர்கள். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் முக்கால்வாசி தூரம் கூட்டிப்போகும்.

கேன் கம்பியின் இரண்டு நுனியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கவேண்டும். ஏன்? சுவரில் பட்ட குரல் எதிரொலிப்பதுபோல, கம்பியின் நுனியில் பட்ட மின்துடிப்பு திரும்பி வந்து பின்னால் வருகிற செய்தியோடு மோதும். அந்த எதிரொலியை விழுங்குவதுதான் ரெசிஸ்டரின் வேலை. இரண்டு 120 பக்கம் பக்கமாக இருந்தால் மீட்டருக்கு 60 தெரியும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கண்ட்ரோலர்கள் தூங்கக் கொஞ்ச நேரம் விட்டு, இரண்டு கம்பிக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். ஒன்பது பின் வட்டக் கப்ளர் உள்ள வண்டியில் சி, டி என்று எழுதிய பின்கள். 60-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 120 வந்தால் ஒரு ரெசிஸ்டர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்று அது போயிருக்கிறது, அல்லது அதற்குப் போகிற வழியில் கம்பி அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். ஜிபிஎஸ் பெட்டிக்காரரைத் தேடுங்கள். சைபரை ஒட்டினால் இரண்டு கம்பியும் எங்கோ கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. மீட்டர் அசையவே இல்லையென்றால் நீங்கள் நிற்கிற இடத்தில் கம்பியே இல்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில வண்டிகளில் ரெசிஸ்டர் தனிக் கப்ளராகத் தொங்கும். சிலவற்றில் கண்ட்ரோலருக்குள்ளேயே வைத்துச் சீல் செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு 120 வருகிறதே என்று குதிக்கக் கூடாது. ரெசிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டே அதைத் தேடுகிற கதை அது.

அடுத்து பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் வோல்ட் பாருங்கள். பேச்சு நடக்கிற கம்பியில் ஒன்று 2.5-க்குக் கொஞ்சம் மேலே, மற்றது கொஞ்சம் கீழே. இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டும். ஒன்று சைபர் என்றால் அது வண்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 24-ஐ நோக்கி ஏறினால் எங்கோ சப்ளைக் கம்பியோடு உரசியிருக்கிறது. முதலில் 60 வந்து, இப்போது இரண்டும் அசையாமல் சரியாக 2.5-இல் நின்றால் கம்பி பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. அப்போது யாருக்குச் சோறு போகவில்லை என்று ஃப்யூஸ் பெட்டிக்குத் திரும்புங்கள். குழப்பம் தீரவில்லையா, ஒவ்வொரு கண்ட்ரோலராகக் கப்ளரைக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் மற்றவர்கள் பேச ஆரம்பிக்கிறார்களோ அந்தக் கிளையில் கோளாறு. கிளையில் என்றுதான் சொன்னேன், போர்டில் என்று சொல்லவில்லை. அந்தக் கிளையின் கம்பியைத் தனியாகப் பார்த்த பிறகுதான் போர்டின் மேல் கை வைக்கவேண்டும். ஒரு வேண்டுகோள்: பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைக் கேன் கம்பிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது ஹெட்லைட் காலத்து ஆயுதம். நல்ல போர்டை நிஜமாகவே கொல்ல அது போதும்.

60 வந்துவிட்டது, ஆகவே கம்பியில் குறையில்லை என்று சத்தியம் செய்கிற புது மூடநம்பிக்கையும் எனக்கு வேண்டாம். வண்டி நிற்கும்போது, வெயில் இல்லாதபோது, அதிராதபோது எடுத்த அளவு அது. ஏழு இழை உள்ள கம்பியில் ஆறு அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் மீட்டர் 60 காட்டும். அதனால்தான் இஞ்சின் ஓடும்போது ஹார்னஸ் என்கிற கம்பிக்கட்டைக் கையால் பிடித்து அசைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கேபின் தரைக்கு அடியில் கம்பி வளைந்து இறங்குகிற இடம், கிளாம்ப் கழன்று தகட்டில் உரசுகிற இடம், பம்பு அறைக்குள் நுழைகிற இடம். இவை மூன்றிலும் பொறுமையாக அரை மணி நேரம் செலவழித்தவர் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம்.

லேப்டாப் இருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று ஒரு கோஷ்டி உண்டு. ஹிட்டாச்சிக்கு டாக்டர் இசட்எக்ஸ், கேட்டர்பில்லருக்குக் கேட் ஈடி. அருமையான கருவிகள், நான் எதிரியில்லை. ஆனால் அவையும் வண்டியின் தகவல் கம்பி வழியாகத்தான் கண்ட்ரோலரோடு பேசவேண்டும். கம்பி அறுந்த வண்டியில் லேப்டாப்பும் கதவைத் தட்டிவிட்டு, வீட்டில் யாரும் இல்லை என்றுதான் சொல்லும். அதைப் பார்த்ததும், ‘ஸ்கேனருக்கே பதில் சொல்லலை, கன்ஃபார்மா போர்டு போச்சு’ என்கிறார்கள். தெருவே மறிபட்டிருக்கிறது, இரண்டாவதாகப் போனவருக்கும் வழி கிடைக்கவில்லை. இது எப்படிப் புதிய சாட்சியம் ஆகும்?

‘இதுக்குத்தான் பழைய மெக்கானிக்கல் வண்டியே மேல்’ என்கிற பெரியவர்களுக்கு அதிக நேரம் ஒதுக்க மனமில்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் பெயரான பொக்லைனை இன்னும் எல்லா வண்டிக்கும் வைத்து அழைக்கிற தலைமுறை. அவர்கள்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் அவர்கள் கொண்டாடுகிற ஹிட்டாச்சி இஎக்ஸ் 200-இன் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளிலேயே பம்பை ஆள ஒரு கண்ட்ரோலர் உட்கார்ந்திருந்தது. புகை விதிகள் இறுக இறுக இஞ்சினுக்குள் எலக்ட்ரானிக்ஸ் வந்தே தீரும். 2021 ஏப்ரலில் சக்கரம் வைத்த கட்டுமான வண்டிகளுக்கு நாலாம் கட்ட விதி வந்த பிறகு, ஜேசிபி ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

போர்டு நிஜமாகவே சாவது உண்டு. மூழ்கிய வண்டியில் மூடி விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்த போர்டு, பேட்டரியை மாற்றிப் போட்டுக் கருகிய போர்டு, வெல்டிங்கில் அடிபட்ட போர்டு எல்லாம் பார்த்திருக்கிறேன். அங்கேயும் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. கம்பியோடு நேராகப் பேசுவது போர்டில் இருக்கிற எட்டுக் கால் சின்னச் சில்லு ஒன்று. அடி முதலில் அதன்மேல்தான் விழும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த மாதிரிச் சில்லும் கிடைக்கும், 120 ஓம் ரெசிஸ்டரும் கிடைக்கும். மேலே ஊற்றிய பசையைச் சுரண்டி, பாதையைக் கெடுக்காமல் அதை மாற்றுகிற கை உள்ளவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை: போர்டைக் கொன்றது எது என்று கண்டுபிடித்திருக்கவேண்டும். கம்பியில் 24 வோல்ட் ஏறியிருக்கிற வண்டியில் இன்னொரு வண்டியின் நல்ல போர்டை ‘சும்மா டெஸ்ட்டுக்கு’ மாட்டிப் பார்ப்பது, பாம்பு கடித்தவன் பக்கத்தில் அடுத்தவனையும் படுக்க வைப்பது போலத்தான். அது மட்டுமில்லை, இஞ்சின் போர்டுக்குள் அந்த இஞ்சினின் இன்ஜெக்டர் எண்களும், அந்த மாடலுக்கான கணக்கும் எழுதியிருக்கும். உருவம் ஒன்றாக இருப்பதால் உள்ளமும் ஒன்றாகிவிடாது.

கம்பெனிகளும் இதில் சுத்தமில்லை. வயரிங் படத்தை ஏதோ ராணுவ ரகசியம் மாதிரி பூட்டி வைக்கிறார்கள். எந்த பின் எங்கே போகிறது என்று தெரியாத மெக்கானிக் தேடுவதைவிட மாற்றத்தான் நினைப்பான். பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையவாசலும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நாலு துறைகள் அதில் உண்டு. மண்வெட்டும் வண்டிக்குத் தனியாகப் பெயர் சொல்லி இடமில்லை. அமெரிக்காவில் டிராக்டருக்காக விவசாயிகள் சண்டை போட்டு, 2023-இல் கொலராடோ மாகாணம் சட்டமே போட்டது. இங்கே ஏரி மண் எடுக்கிறவனுக்காகச் சண்டை போட ஆளில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் கம்பெனி மேலேயும் மெக்கானிக் மேலேயும் போட்டுவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. ‘போர்டு போச்சு’ என்கிற வாக்கியம் ஏன் சாகாமல் இருக்கிறது? அதில் எல்லோருக்கும் வசதி இருக்கிறது. போர்டு என்பது பொருள். அதற்கு பில் உண்டு, அதில் விற்கிறவனுக்கு லாபம் உண்டு, வாங்குகிறவனுக்குக் கையில் பிடித்துப் பார்க்க ஒன்று உண்டு. தேடுதல் பொருளில்லை. ஆறு மணி நேரம் ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து, அறுந்த ஓர் இழையைக் கண்டுபிடித்தால் அதற்கு என்ன விலை போடுவது? சந்தையில் அதற்கு ரேட் இல்லை. ரேட் இல்லாத வேலையை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். மணி வாடகைக்கு ஓடுகிற வண்டி நின்றால், ஆப்பரேட்டர் பேட்டா ஒரு பக்கம், மாதத் தவணை ஒரு பக்கம் என்று மணிக்கு மணி கரைகிறது என்பது உண்மை. ஆனால் போர்டு வர எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? அந்த நாட்களில் நான் வண்டி நிழலில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டி இருபது டன். இரண்டாம் கையாக வாங்கினேன். முதல் மழையில் மானிட்டரில் எழுத்து வந்தது. ஒரு சர்வீஸ் கடைக்காரர் வந்தார், லேப்டாப்பை மாட்டினார், பதில் வரவில்லை, போர்டு என்றார். மாற்றினேன், ஓடியது. எட்டு மாதம் கழித்து அதே எழுத்து. வேறொரு கடை, அதே தீர்ப்பு. இரண்டாவது போர்டு. அந்த முறை நாலு நாள்தான் ஓடியது. பிறகு யாரோ சொல்லி, டெப்போ பக்கம் லாரி வயரிங் பார்க்கிற ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். எக்ஸ்கவேட்டர் அவருக்குப் புதுசு. அதை ஒளிக்காமல் முதலிலேயே சொன்னார். காலையில் மீட்டரை வைத்தார்: 120. மத்தியானம் வரை கேபினுக்கு அடியிலேயே கிடந்தார். ஒரு கிளாம்ப்புக்குப் பின்னால், மண் அப்பிய இடத்தில், தோல் தேய்ந்து பச்சை பூத்த கம்பியை வெளியே இழுத்தார். முறுக்கு கலையாமல் சேர்த்து, சாலிடர் வைத்து, சுருங்கும் ட்யூப் போட்டு மூடினார். மீட்டரில் 60. சாவியைப் போட்டதும் எழுத்து மறைந்திருந்தது.

“எவ்ளோ ஆச்சுண்ணே?” என்றேன். சொன்னார். இரண்டு போர்டுக்கும் வாயைத் திறக்காமல் பணம் எடுத்துவைத்த நான்தான் அடுத்ததைக் கேட்டேன்: “ஒரு கம்பியத்தானே ஒட்டுனீங்க, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அவர் பேரம் பேசவில்லை. கொடுத்ததை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மீட்டரின் வயர்களைச் சுற்றிப் பைக்குள் போட்டார். கேபின் சீட்டுக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய போர்டைப் பார்த்துவிட்டு, “அதைத் தூக்கிப் போட்டுராதீங்க தம்பி, அது நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு டெப்போ பக்கம் நடந்தார்.